அஞ்சா, ஆறா

"உங்கப்பா வாய் தொறந்து கூப்பிடட்டும் கௌசி. அதுவரைக்கும் என் காரு உடப்புசல்லாவைப் பக்கம் திரும்பாது. நீயும் என்கிட்ட கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேங்க."

"மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிய மாட்டியே?"

"உங்களக் கட்டுனதுக்கே தூக்கி வச்சிக்கல. இதுக்கா?"

கல்யாணத்தைப் பதிந்துவிட்டு வந்த அன்று சிரித்துக்கொண்டே கொடுத்த வாக்கு. இரண்டு வருடம் கழித்து, ஹட்டன் பஜாரில் வாகன உதிரிப்பாகக் கடை முன்னால் ஏழு மாத வயிற்றோடு நின்ற கௌசிக்கு அந்த வாக்கு பாரமாக இருந்தது.

பெண் கேட்டுப் போன விஜேந்திரனை அவள் அப்பா நல்லமுத்து உடப்புசல்லாவைத் தோட்டத்து லய வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசினார். பஜார்க் கடைக்காரனுக்குத் தோட்டத்துப் பெண் எதற்கு என்று கேட்டார். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்கவில்லை. சுற்றிலும் தேயிலை நிற்கிற இடத்திலிருந்து வெறும் வாயோடு திரும்பியதை விஜேந்திரன் இன்னும் மறக்கவில்லை.

போன கிழமை அம்மா தொலைபேசியில் பேசினாள். வளையல் வாங்கி வைத்திருக்கிறாளாம்.

"அப்பா என்னம்மா சொல்றாரு?"

"வாங்கன்னு சொல்லல. வேணாம்னும் சொல்லல."

பத்து நாளைக்குப் பிறகு தூரப் பயணம் கூடாது என்று கிளினிக் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதில் மூன்று நாள் போய்விட்டது. இன்று தாங்கள் குடியிருக்கும் நோர்வூட்டிலிருந்து வரும்போது அவர்களுடைய பழைய சன்னி கார் ஒவ்வொரு மேட்டிலும் இருமி இருமி ஏறியது. அம்மா வீட்டுக்குப் போகும் வழியிலுள்ள நானுஓயா ஏற்றத்தை இது தாங்குமா என்று கௌசி யோசித்துக்கொண்டே வந்தாள்.

கடைக்காரர் சிதம்பரநாதன் இஞ்சினிலிருந்து கழற்றிய நான்கு ஸ்பார்க் பிளக்கையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான்கின் நுனியும் அடுப்புக்கரியாக இருந்தது.

"என்ன தம்பி, கார்ல சோறாக்குறீங்களா?"

"குளிரு அண்ணே. இந்தக் குளிருக்குச் சூடு கூடின பிளக்தானே போடணும்?"

"இங்க வர்ற எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. பிளக்குக்கு ஸ்வெட்டரா போடப் போறீங்க? வெளிக் குளிரு அதுக்குத் தெரியாது. வண்டி ஓடுற ஓட்டந்தான் தெரியும். எங்க ஓட்டுறீங்க?"

"வீட்டுக்கும் கடைக்குந்தான். எப்பவாச்சும் ஹட்டன்."

"அதான் கரி. சூடு ஏறுறதுக்குள்ள நிப்பாட்டிர்றீங்க." இரண்டு வகைப் பெட்டிகளை மேசையில் வைத்தார். "இது அஞ்சாம் நம்பர். சூட்டப் பிடிச்சி வச்சிக் கரிய எரிச்சிரும். பஜார் ஓட்டத்துக்கு இதுதான். இது ஆறு, சூடு கொறஞ்சது. தூர ஏத்தத்துக்குத் தாங்கும்."

"அஞ்சப் போட்டு ஏத்தத்துல போனா?" கௌசி கேட்டாள்.

"கிட்டன்னா ஒண்ணுமில்ல புள்ள. ஆள ஏத்திக்கிட்டு மணிக்கணக்கா ஏறுனா உங்க பழைய இஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். பிஸ்டனே போனாலும் போகும்."

"நாங்க எங்க ஏறப் போறோம்?" விஜேந்திரன் சிரித்தான். "அஞ்சே குடுங்கண்ணே."

"பெட்டியப் பிரிச்சிட்டா திருப்பி எடுக்க மாட்டேன். நல்லா யோசிச்சிட்டீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சிதம்பரநாதன் நகத்தால் அட்டையைக் கீறப் போனார். இந்தப் பெட்டி பிரிந்தால் பிள்ளை பிறக்கும்வரை மலை ஏற முடியாது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே பிரசவத்துக்குப் போக வேண்டும். கௌசி கையை நீட்டிப் பெட்டியை அமுக்கிப் பிடித்தாள்.

"ஆறு குடுங்கண்ணே."

"நமக்கு எதுக்கு ஆறு?" விஜேந்திரன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "என்ன கௌசி? வயிறு வலிக்குதா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லையென்றா ஆமென்றா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைக்காரர் எதையோ தேடுவதுபோல உள்ளே போனார்.

"கேக்க மாட்டேன்னு சொன்னேன்," என்றாள். "இப்ப கேக்குறேன். என்னைய எங்கம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வாசல்ல எறக்கி விட்டுட்டுத் திரும்பிறாதீங்க. நீங்களும் உள்ள வாங்க."