துக்க வீட்டுக் காசு

பழைய காசு வாங்க நல்ல இடம் எது என்று பூதக்கண்ணாடியிடம் மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தொலைந்தார்கள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் சின்ன லென்ஸைத் தடவிக்கொண்டே ஒவ்வோர் இடமாக எடுத்துக் குப்பையில் போடுவார். அந்த லென்ஸால்தான் நாணயச் சங்கத்தில் அவருக்கு அந்தப் பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“நடைபாதைக்காரன்கிட்டயா? போன வாரம் அடிச்ச காசை மண்ணுல புதைச்சு எடுத்துட்டு வந்து முந்நூறு வருஷம்னு சத்தியம் பண்ணுவான். நகைக்கடைக்காரனுக்குக் காசும் ஒண்ணுதான், கம்மலும் ஒண்ணுதான். தராசுல போடுவான். ஏலமா? பணக்காரனுங்க ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் மீசை முறுக்கற இடம். கம்ப்யூட்டர்ல படத்தைப் பாத்துக் காசு வாங்கறவன் இருக்கானே, அவன் சாப்பாட்டுப் படத்தைப் பாத்துட்டே ஏப்பம் விடறவன். நம்ம சங்கத்துச் சந்தையைப் பத்திப் பேசவே வேணாம். ஒருத்தன் கழிச்சதை இன்னொருத்தன் தலையில கட்டற இடம்.”

பிறகு குரலைத் தாழ்த்துவார்.

“நல்ல இடம் ஒண்ணே ஒண்ணுதான். துக்க வீடு.”

புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். விளையாட்டுக்குச் சொல்லியிருந்தால்தானே சிரிப்பதற்கு? சேர்த்தவன் போய்விட்டான். வீட்டில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியாது, அலமாரி காலியானால் போதும் என்றிருக்கும். ஆறுதல் சொல்ல வந்த ஆளுக்குக் கேட்ட விலையில் கிடைக்கும். இதைக் கண்டுபிடித்ததற்காகத் தனக்கு ஒரு சிலையே வைக்கலாம் என்பது அவர் எண்ணம். கழுகுக்கும் அப்படித்தான் இருக்கும், பாவம், அதற்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை.

அவருடைய பிழைப்பே அப்படிப்பட்டது. காப்பீட்டுக் கம்பெனிகளுக்குச் சேதத்தை மதிப்பிட்டு எழுதிக் கொடுப்பவர். கடை எரிந்து, சாம்பலுக்கு நடுவில் ஒருவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். இவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உள்ளே போய், “இந்த அலமாரி எரியறதுக்கு முன்னாடியே பழசுதானே?” என்று கேட்பார். கேட்டுக் கேட்டு நாக்கு அதற்கே பழகிவிட்டது. கல்யாணம் ஆன புதிதில் மனைவியைப் பார்த்தே “பரவாயில்லை” என்றுதான் சொன்னாராம். அந்த அம்மாள் அதை இன்னும் மறக்கவில்லை.

காசு வாங்குவதிலும் அதே நாக்குதான். வேண்டிய காசை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பக்கத்தில் கிடக்கும் உதவாக்கரைகளை ஆஹா ஓஹோ என்று புகழ்வார். வேண்டியதை நகத்தால் ஓரமாகத் தள்ளி, “இது போலி” என்று முகத்தைச் சுளிப்பார். அன்றைக்கு எதையும் வாங்க மாட்டார். ஒரு வாரம் ஊறப் போடுவார். அப்புறம் போய், உதவாக்கரையில் இரண்டை எடுத்துக்கொண்டு, “சரி, அந்தக் குப்பையையும் சேத்துக் குடுங்க” என்று கையை நீட்டுவார். இதுவரைக்கும் கொடுக்காதவர்கள் இல்லை.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் ஒரு குறை தீரவில்லை. பழைய ராஜா ஒருவன். பெரிய ஆள் ஒன்றும் இல்லை, அப்பன் சேர்த்த நாட்டில் பாதியைத் தொலைத்தவன். ஆண்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வெள்ளிக் காசு அடித்தான். ஐந்தாம் வருஷம் காசடிக்கும் கூடத்தில் தீப்பிடித்து, அடித்ததே கொஞ்சம், மிஞ்சியது அதைவிடக் கொஞ்சம். பூதக்கண்ணாடியின் வெல்வெட் தட்டில் மற்ற வருஷமெல்லாம் அதனதன் குழியில் உட்கார்ந்திருக்க, ஐந்தாவது குழி மட்டும் காலி. சங்கத்துக் கண்காட்சியில் வருஷா வருஷம் அந்தத் தட்டைத்தான் வைப்பார். “தட்டுக்கு எப்ப சார் பல் கட்டப் போறீங்க?” என்று நேற்று வந்தவன்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டான். போன கூட்டத்தில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “இந்தத் தடவை தட்டு நிறைஞ்சிருக்கும். இல்லேன்னா இந்த லென்ஸைக் கழட்டி வெச்சுட்டு, சங்கத்துப் பக்கமே வர மாட்டேன்” என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்தார். கண்காட்சிக்கு ஒரு மாதம்கூட இல்லை. காசு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

அந்த நேரத்தில்தான் மிஷின்காரர் செத்துப்போனார்.

மிஷின்காரர் தையல் மிஷின் பழுது பார்ப்பவர். சங்கத்தில் எப்போதும் கடைசி வரிசை, பேச்சு குறைவு. பூதக்கண்ணாடி அவரை நாற்காலிக் கணக்கில்தான் சேர்த்திருந்தார். சாவுக்குப் போகவில்லை. ஆனால் மிஷின்காரர் மனைவி, காசுப் பெட்டியைப் பார்க்க அவரை வரச்சொன்னதாகத் தகவல் வந்ததும் வெள்ளைச் சட்டையைத் தேடினார்.

“செத்தப்போ போகலை, இப்ப என்ன பாசம் பொங்கி வழியுது?” என்றாள் மனைவி.

“அந்தம்மாவே கூப்பிட்டிருக்காங்கடி.”

“உங்களையா? வேற ஆளே கிடைக்கலையா அவங்களுக்கு?”

மிஷின்காரர் வீட்டின் முன்னறைதான் பட்டறை. தலை கழற்றிய மிஷின்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. மேஜை முனையில் பொருளை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், அதன் பக்கத்தில் துளை போடும் மிஷின், அதற்கு மேலே ஆணியில் ஒரு கம்பி வளையம். வளையம் நிறைய ஓட்டைக் காசுகள்.

அந்த வளையத்தின் கதை பூதக்கண்ணாடிக்குத் தெரியாததல்ல. ஒரு காலத்தில் யாரோ அவர் தலையிலேயே ஒரு போலியைக் கட்டிவிட்டார்கள். அந்த எரிச்சலில் சங்கத்தில் அவரே ஒரு சட்டம் கொண்டுவந்தார். போலி என்று தெரிந்த காசை உடனே ஓட்டை போட்டுவிட வேண்டும், திரும்ப வெளியே விடக் கூடாது, இன்னொருவன் ஏமாறக் கூடாது. மிஷின்காரரிடம் துளை மிஷின் இருந்ததால் அந்த வேலை அவருக்கு வந்தது. சம்பளம் கிடையாது, ஒரு நன்றிகூடக் கிடையாது. வளையத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு பூதக்கண்ணாடி ஸ்டூலில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

“ரொம்பத் தங்கமான மனுஷன், தங்கச்சி. சங்கத்துக்கே தூண் மாதிரி.”

அந்த அம்மாள் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காசுகளைத் துணியில் பரப்பினாள். “சார், இதுல ஒண்ணைப் பத்தி அவர் உங்ககிட்ட...”

“இருங்கம்மா, முதல்ல பாத்துடறேன். அப்புறம் பேசலாம்,” என்று கையைக் காட்டி நிறுத்தினார். விலை பேச ஆரம்பிக்கிறாள் என்று நினைத்துவிட்டார். மகா கெட்டிக்காரர்!

பார்த்தார். செம்பு, பித்தளை, தேய்ந்தது, நசுங்கியது. அவற்றுக்கு நடுவில், கவிழ்ந்து கிடந்த ஒரு காகித உறையின் மேல், தொலைத்த நாட்டைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல், ராஜா ஐந்தாம் வருஷத்து முகத்தோடு படுத்திருந்தான்.

விளிம்பு, எழுத்து, தேதி, எல்லாம் அச்சு அசல். லென்ஸே தேவையில்லை. ஆனாலும் வைத்தார், உதட்டைப் பிதுக்கினார், நகத்தால் தள்ளினார்.

“இது போலி.”

அந்த அம்மாள் முகம் செத்துப்போயிற்று. “நல்லாப் பாருங்க சார். இதுக்காக ஓடற மிஷின் ஒண்ணைக் குடுத்தார். நான் தைச்சுக்கிட்டிருந்த மிஷின்.”

“அடப்பாவமே. மிஷினைக் குடுத்தா வாங்கினார்?” உச்சுக்கொட்டினார். “வார்ப்பும்மா இது. அச்சுல அடிச்சது இல்லை. நல்ல மனுஷன்தான், ஆனா கண்ணு பத்தலை. எவனோ நல்லா ஏமாத்திட்டான்.”

“நிச்சயமாவா சார்?”

“எத்தனை வருஷமாப் பாக்கறேன்? என் கண்ணு மேல சத்தியம்.”

அவர் செம்புக் காசுகளுக்குத் தாவினார். ஆஹா, இதென்ன பச்சை படிந்திருக்கிற அழகு! ஓஹோ, இது இப்போதெல்லாம் எங்கே கிடைக்கிறது! ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல விலையும் தாராளமாகச் சொன்னார். காற்றில் போகிற விலைதானே. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, ராஜாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கினார்.

அந்த வாரம் முழுக்க மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. தட்டின் ஐந்தாவது குழியைத் தூரிகையால் துடைத்தார். சங்கத் தலைவரைக் கூப்பிட்டு, வாசலுக்கு நேரே இருக்கும் மேஜை தனக்குத்தான் வேண்டும் என்றார்.

“யாரைக் கவுத்தீங்க?” என்றாள் மனைவி.

“கவுக்கறதா? இதுக்குப் பேரு திறமை.”

“திறமையோ என்ன கண்றாவியோ. நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாங்க. பாத்துக்கோங்க.”

வாரம் கழிந்தது. அந்த அம்மாள் பட்டறையில் ஒரு மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். செம்புக் காசுகளைப் பொட்டலமாகக் கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

“எல்லாம் எதுக்கும்மா, ரெண்டு போதும்,” என்று பொட்டலத்தைப் பிரித்தார் பூதக்கண்ணாடி. “ஆங், அந்தப் போலி ஒண்ணு கிடந்துச்சே, அதையும் சேத்துக் குடுத்துடுங்க. வீட்டுல எதுக்குக் குப்பை?”

“அது அன்னைக்கே முடிஞ்சுபோச்சு சார்.”

“முடிஞ்சுபோச்சுன்னா?”

அவள் சுவரைக் காட்டினாள். கம்பி வளையத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால், ராஜா தொங்கினான். காதுக்குக் கீழே கன்னத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு வட்ட ஓட்டை. அந்தப் பக்கத்துச் சுண்ணாம்பு தெரிந்தது.

“நீங்க தெருவைத் தாண்டறதுக்குள்ள போட்டுட்டேன். அவர் இருந்தப்போ நான்தான் வைஸை முறுக்குவேன், அவர் துளை போடுவார். தனியாப் போடறது சுலபமா இல்லை. ஆனா நீங்க போட்ட சட்டமாச்சே. அவர் ஒரு போலியையும் ராத்திரி தங்க விட்டதில்லை.”

பூதக்கண்ணாடி வளையத்தின் அருகே போனார். லென்ஸைக் கையில் எடுத்தார், விட்டுவிட்டார். இனிமேல் எதைப் பார்க்க? மேஜையில், கறுத்த எண்ணெய்ப் பிசுக்கின் மேல், துளையிலிருந்து உதிர்ந்த வெள்ளிச் சுருள்கள் பளிச்சென்று கிடந்தன.

அவளும் அதைத்தான் பார்த்தாள். “ஒண்ணு கேக்கணும் சார். போலின்னா உள்ள செம்பு தெரியும்னு அவர் சொல்லுவார். இது உள்ளேயும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. ஒருவேளை...”

கடவுளே வாசலில் வந்து நின்று இன்னொரு தடவை கேட்ட மாதிரிதான். ஆனால் உண்மையைச் சொன்னால் அன்றைக்குச் சொன்னது பொய் என்றாகிவிடும். சங்கத்துக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியும்.

“இப்பல்லாம் போலியையும் வெள்ளியிலதாம்மா செய்யறானுங்க,” என்றார்.

“அப்படியா.” அவள் சுருள்களைத் துணியால் துடைத்துக் கூட்டினாள். “உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன சார். அதை அவர் உங்களுக்குன்னுதான் வாங்கினார். கண்காட்சியில உங்க தட்டைப் பாத்து எல்லாரும் சிரிக்கறாங்கன்னு அவருக்கு ரொம்ப வருத்தம். ஒரு காலத்துல எங்க பட்டறை எரிஞ்சப்போ நீங்க நியாயமா எழுதிக் குடுத்தீங்களாம். அதை மறக்கவே இல்லை. படுத்த படுக்கையா இருக்கறப்போ, ‘நான் போனதும் அவரைக் கூப்பிட்டு, காசு வாங்காம அவர் கையில குடுத்துடு’ன்னார். உறையில உங்க பேருகூட எழுதி வெச்சிருக்கார்.”

நியாயமா! அன்றைக்கு அந்தப் பட்டறைக்கு வரவேண்டிய தொகையில் பாதியை வெட்டியவரே இந்த மகானுபாவர்தான். வெட்டியது போக வந்ததையே அந்த அப்பாவி பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டு, பெண்டாட்டி தைத்துக்கொண்டிருந்த மிஷினைக் கொடுத்து நன்றிக்கடன் தீர்த்திருக்கிறான். பூதக்கண்ணாடிக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. அது மட்டும்தான் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

“அவர் ஏமாந்துட்டார்னு நினைக்கறப்போதான் சார் மனசு ஆறலை,” என்றாள் அவள். “என்னை யாரும் ஏமாத்த முடியாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். அது ஒண்ணுதான் அவருக்குப் பெருமை. கடைசியில இப்படி ஆயிடுச்சே.”

ஒரு வார்த்தை. ‘அவர் ஏமாறலைம்மா’ என்ற ஒரே ஒரு வார்த்தை. காசு போனது போய்விட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவள் இரவில் தூங்கியிருப்பாள். ஊரில் உள்ள காசுக்கெல்லாம் குறை சொன்ன அந்த வாய் திறந்தது, மூடிக்கொண்டது. லென்ஸைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“அந்தக் காசை... ஓட்டையோட பரவாயில்லை, ஞாபகத்துக்கு...”

“ஐயோ, வேணாம் சார். ஓட்டை போட்டது வெளிய போகக் கூடாதுன்னு சட்டம் போட்டவரே கேக்கலாமா?” கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரித்த பொட்டலத்தை மறுபடி கட்டி அவர் கையில் வைத்தாள். “இதையெல்லாம் எடுத்துக்கோங்க. அன்னைக்கு நீங்க சொன்ன விலையையே குடுங்க, போதும். நான் பேரம் பேச மாட்டேன்.”

அவர் பர்ஸை எடுத்தார். உருக்கினால் ஒரு டம்ளருக்குக்கூடத் தேறாத செம்பு. ஒவ்வொன்றுக்கும் தான் சொன்ன விலை அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

வாசல் வரைக்கும் கூடவே வந்தாள்.

“நல்லவேளை சார், நீங்க உண்மையைச் சொன்னீங்க,” என்றாள். “இல்லேன்னா அந்தப் போலியை உங்க கையிலயே குடுத்திருப்பேன்.”