முந்நூறு சொற்களுக்கு மிகாமல்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது எனக்குள் ஊறிக் கிடந்து பிறந்த கதை இல்லை. என் அக்காவுக்காக ஓர் அறக்கட்டளைக்கு நான் நிரப்பிய நிதியுதவி விண்ணப்பத்தில், பதினான்காம் கேள்விக்குக் கீழே இருந்த கட்டத்துக்குள் பிறந்தது. கேள்வி இதுதான்: ‘உங்கள் பணியால் வாழ்க்கை மாறிய ஒருவரின் கதையை முந்நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதவும். கதை நம்பிக்கையூட்டுவதாக இருத்தல் நலம்.’

அந்த ‘நலம்’ என்ற சொல்லில்தான் வழுக்கி விழுந்தேன்.

நான் எழுத்தாளன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. இரண்டாவது எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். பதிப்பாளரே இப்போது என்னைப் பார்த்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் விசாரிக்கிறார். அப்படிப்பட்டவனிடம் ஒருவர் தாமாக வந்து கதை கேட்கிறார், பிடித்திருந்தால் நிதியும் தருகிறேன் என்கிறார். கை சும்மா இருக்குமா?

2

இந்தக் கதையின் தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். எதையும் அழிக்கவில்லை.

(அ) தன் ஓய்வூதியத்தின் முதல் மாதப் பணத்தில் அக்கா வாங்கியது ஒரு நகை அல்ல, ஒரு [வேண்டாம். முதல் வரியிலேயே தியாகியாக்கிவிட்டால் அப்புறம் அவளைப் பேசவிட முடியாது.]

(ஆ) மழை ஓய்ந்த ஒரு மாலையில், அந்த ஒடுங்கிய தெருவில் [மழை பெய்யவே இல்லை.]

(இ) அந்தக் கார் கொட்டகையில் கார் இல்லை.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அது உண்மை. அக்கா வீட்டுக் கார் கொட்டகையில் என்றைக்குமே கார் இருந்ததில்லை. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும் இரும்புக் கட்டில்கள், சக்கர நாற்காலிகள், நடைபழக்கும் வாக்கர்கள், நடுவில் ஓட்டை போட்டு மூடியும் வைத்த கழிவறை நாற்காலிகள் எல்லாம் அங்கே சுவரோடு சுவராக நிற்கும். டெட்டால் வாசனை தெருவரைக்கும் வரும்.

அக்கா முப்பத்தோரு வருடம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு இவற்றை இரவல் கொடுக்கிறாள். வாடகை கிடையாது. தேவை முடிந்ததும் துடைத்துத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். ‘கட்டில் நர்ஸ் வீடு’ என்றால் அந்தப் பக்கத்தில் யாரும் வழி காட்டுவார்கள்.

அங்கே எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது காற்று மெத்தை. சின்ன மோட்டார் ஒன்று அதன் அறைகளை மாற்றி மாற்றி நிரப்பிக்கொண்டே இருக்கும். அசைய முடியாதவரின் உடம்பு ஒரே இடத்தில் அழுந்திப் புண்ணாகாமல் காக்கும். அக்காவிடம் இருந்தவை இரண்டு. கேட்டுக் காத்திருந்தவர்கள் பதினோரு குடும்பம். அதனால்தான் விண்ணப்பம்.

3

படிவத்தை நான் வாசிக்க, அக்கா கட்டில் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

“உங்கள் திட்டத்தின் புதுமை என்ன?”

“புதுசா? எல்லாம் பழைய கட்டில்டா.”

“நிதி நின்ற பிறகு திட்டம் எப்படித் தொடரும்?”

“இப்ப நிதி இல்லாம எப்படி ஓடுதோ அப்படி.”

“பயனாளிகளில் எத்தனை பேர் தற்சார்பு நிலையை அடைந்தனர்?”

அக்கா எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். “செத்துப்போனவங்கள சேத்துக்கலாமா? அவங்க இப்ப யாரையும் எதிர்பார்க்கிறதில்லையே.”*

“அக்கா, வெளையாடாத.”

“நானா வெளையாடுறேன்? கேள்வியப் பாரு.”

பதினான்காம் கேள்வி வந்ததும், “அது உன் வேலை. கண்டக்டர் அண்ணனப் பத்தி எழுது” என்று சொல்லிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டாள்.

* இந்தப் பதிலை நான் ‘தரவுகள் தொகுக்கப்பட்டு வருகின்றன’ என்று எழுதினேன். படிவத் தமிழில் இதற்கு மேல் அழகான வாக்கியம் கிடையாது.

4

கண்டக்டர் அண்ணன் இரண்டு தெரு தள்ளி இருப்பவர். பேருந்தில் இருபத்தாறு வருடம் டிக்கெட் கிழித்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. படுத்தே கிடந்ததில் முதுகுக்குக் கீழே புண். அக்கா காற்று மெத்தை கொடுத்தாள். நாலு மாதத்தில் புண் ஆறியது.

நடந்தது இவ்வளவுதான். இதை எழுதினேன். படித்துப் பார்த்தேன். கொட்டாவி வந்தது.

[இங்கே நான் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்ட ஒரு பத்தி எழுதியிருந்தேன். பதினோரு குடும்பங்களின் முகம் கண்முன் வந்ததாக. வரவில்லை. ஒரு நல்ல முடிவுதான் வந்தது.]

அவரை எழுப்பி நடக்கவைத்தேன். முதல் நூறு சொற்களில் படுக்கை. அடுத்த நூறில் போராட்டம். கடைசி நூறில், காலை வெயில் வாசலில் விழுந்திருக்க, அவர் ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து அந்த வெயிலைத் தொடுகிறார். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

“படிச்சுப் பாரு அக்கா” என்று நீட்டினேன்.

“நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று கண்ணாடியைக்கூடத் தேடாமல் கையெழுத்துப் போட்டாள்.

5

ஆறாம் வாரம் பதில் வந்தது. இறுதிப் பட்டியலில் இருக்கிறோம். பதினான்காம் பதிலைக் கூட்டத்தில் வாசித்தபோது தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். திட்ட அலுவலர் நேரில் வருவார். அந்தப் பெரியவர் நடப்பதைச் சின்ன வீடியோவாக எடுத்துக்கொள்வார்.

கடிதத்தை இந்த முறை அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

“யாருடா நடக்கிறது?”

சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “புண்ணு ஆறினத எழுதினியா?” என்று கேட்டாள்.

“ஒரு வரி வருது.”

“ஒரு வரியா? கைய விட்டா உள்ள போற அளவு குழி அது. டாக்டரே கைய விரிச்சிட்டாரு. தெனம் ரெண்டு வேளை நான் போய்க் கட்டு மாத்தினேன். கொஞ்சம் கொஞ்சமா அடியிலேர்ந்து சதை ஏறி வந்துச்சு. நர்ஸா இருந்த வரைக்கும் அப்படி ஆறினத நான் நாலஞ்சு தடவைதான் பாத்திருக்கேன்.” கடிதத்தை நாலாக மடித்தாள். “உனக்கு அது கதையாப் படல.”



“என் கையெழுத்துக்கு மேல பொய் எழுதியிருக்க. நீயே போய்க் கண்டக்டர் அண்ணன்கிட்டச் சொல்லு.”

6

கண்டக்டர் அண்ணன் கட்டிலின் தலைப்பக்கத்தை ஏற்றிவைத்துச் சாய்ந்திருந்தார். அவர் மனைவி கீழே உட்கார்ந்து துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். மெத்தையின் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். “படிங்க கேப்போம்” என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் குரலில் அந்தக் கண்டக்டர் அதிகாரம் போகவில்லை.

படித்தேன். இதற்கு முன் எத்தனையோ கூட்டங்களில் கதை வாசித்திருக்கிறேன். கதாபாத்திரமே எதிரில் படுத்திருக்க வாசித்தது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் திறந்தார்.

“எதுவரைக்கும் போறேன் நான்?”

“வாசல் வரைக்கும்ணே.”

“அவ்வளவுதானா? கதையிலதானே நடக்கிறேன்? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விட்டிருக்கலாமே!” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றபோது கண்ணில் தண்ணீர் இருந்தது. அது இருமலால் வந்ததா என்று [எழுதப்போனேன். எனக்குத் தெரியாது. விட்டுவிடுகிறேன்.]

அவர் மனைவி விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அதுல நான் வர்றேனா தம்பி?”

காகிதத்தைப் பார்த்தேன். வெயில் இருந்தது. வாசல் இருந்தது. ‘மனைவி’ என்று ஒரு சொல் இல்லை.

“முந்நூறு சொல்லுதான் அண்ணி. இடம் பத்தல.”

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ இவர நான் திருப்பிப் போடுறேன். ரெண்டு வருஷமா ஒரு கல்யாணம் காட்சிக்குப் போனதில்ல. இவ்வளவு பெரிய ஆளத் திருப்புறதுக்கு எனக்கு இடம் பத்துது, உங்க பேப்பர்ல எனக்கு இடம் பத்தலயா?”

“விடும்மா” என்றார் அண்ணன். “புது ரூட்டு போட்டிருக்காரு. ஏறினவங்களோட போவட்டும்.”

7

திட்ட அலுவலரை முதல் வரைவில் கறுப்புக் கண்ணாடியும் பெரிய காருமாக எழுதியிருந்தேன். நையாண்டிக் கதைக்கு அது வசதி. ஆனால் வந்தது, ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய, காலில் செருப்புக் கடித்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இருபத்தைந்து வயதுப் பெண். இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. இவ்வளவு பாவமாக ஒருத்தி வந்தால் கேலி செய்வது எப்படி?

நல்லவேளையாக, கொட்டகைக்குள் வந்ததும் முதலில் கண்ணில் பட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். அது மூடிவைத்த கழிவறை நாற்காலி. நான் வாயைத் திறந்தேன். சும்மா இரு என்று அக்கா கண்ணைக் காட்டினாள்.*

கண்டக்டர் வீட்டுக்கு மூவரும் போனோம். “வாங்க வாங்க, உள்ள எடம் இருக்கு, முன்னால நகர்ந்து வாங்க” என்று படுக்கையிலிருந்தே வரவேற்றார் அவர். அலுவலர் கைபேசியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, நீங்க எழுந்து நடந்து வாசலுக்கு வர்ற மாதிரி...”

“அந்த மாதிரி வர்றது இவரு கதையில. அத எழுதினவரு நல்லாத்தான் நடப்பாரு. வேணும்னா அவர எடுத்துக்கங்க.”

அக்கா குறுக்கே வந்தாள். “அவர் நடக்க மாட்டாரும்மா. அது பொய். என் தம்பி எழுதினான், நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுது.”

அந்தப் பெண் கைபேசியை இறக்கவேயில்லை. முகம் வெளுத்துவிட்டது.

“அம்மா, ஆண்டு மலரே அச்சாயிடுச்சு. அட்டையில ‘எழுந்தார்!’னு போட்டிருக்கோம். அடுத்த வாரம் விழா.”



“ஒண்ணு பண்ணலாம்” என்றாள் அந்தப் பெண் மெதுவாக. “‘நடந்தார்’ங்கிறத ‘நடையை நோக்கிப் பயணிக்கிறார்’னு மாத்திக்கலாம். அது பொய் ஆகாது.”

எனக்கு அந்த வாக்கியம் உடனே பிடித்துப்போனது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பொறாமைகூட வந்தது.

“படுத்திருக்கிற மனுஷன் எங்கம்மா பயணிக்கிறது?” என்றாள் அக்கா. “அந்தப் பதினாலாவத அழிச்சிட்டு நான் சொல்றத எழுதிக்கங்க.”

சொன்னாள். அந்தப் பெண் கைபேசியிலேயே தட்டச்சு செய்தாள்:

‘இவர் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். முதுகின் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்தது. மெத்தை கொடுத்தோம். அவர் மனைவி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தார். நாலு மாதத்தில் புண் ஆறியது. இப்போது வலி இல்லாமல் தூங்குகிறார். நடக்க மாட்டார்.’

“முப்பத்திரண்டு சொல்லுதான் வருதும்மா. இருநூறுக்குக் கீழ போனா சிஸ்டம் எடுத்துக்காது.”

“அப்ப அதையே திருப்பித் திருப்பிப் போடுங்க. இவங்களும் நாலு மாசம் அதத்தானே பண்ணாங்க.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே ஒட்டினாள். ஏழாம் முறை ஒட்டியதும் சிஸ்டம் ஏற்றுக்கொண்டு பச்சைக் குறி காட்டியது. அதே ஏழு வரிகள் ஏழு தடவை.

கிளம்பும்போது அவள் அக்காவிடம், “இத அனுப்பினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா. எனக்கும் என்ன ஆகும்னு தெரியாது” என்றாள்.

“ஆகுறதப் பாத்துக்கலாம். தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றாள் அக்கா.

* நாற்காலி விஷயம் நான் சேர்த்தது என்று நினைப்பீர்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனை யாரும் நம்புவதில்லை என்பதற்கு இதுவே உதாரணம். அது நடந்தது.

8

இப்போது முடிவு வேண்டும். எழுதிவைத்திருக்கிறேன், இரண்டு மூன்று.

ஒன்று: விழா மேடையில் தலைவர் அச்சான மலரைத் தூர வீசிவிட்டு அந்த முப்பத்திரண்டு சொற்களை வாசிக்கிறார். அரங்கமே எழுந்து [எழுந்து நிற்பதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை?]

இன்னொன்று: நிராகரிப்புக் கடிதம். அக்கா அதைக் கட்டிலின் ஆடும் காலுக்கு முட்டுக்கொடுக்கிறாள். கசப்பான சிரிப்பு. திரை.

மூன்றாவதில் யாரோ முகம் தெரியாத ஒருவர் பத்து மெத்தைகளை வாசலில் இறக்கிவைத்துவிட்டு

உண்மையில் பதில் வந்துவிட்டது. அக்கா படித்துவிட்டாள், நானும் படித்தேன். கண்டக்டர் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினோம். உங்களுக்கு மட்டும் சொல்லப்போவதில்லை. நிதி கிடைத்தது என்றால், உண்மைக்குக் காலம் இருக்கிறது என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கிடைக்கவில்லை என்றால், பிழைக்கத் தெரியாதவள் என்று அக்காவைப் பார்த்து உச்சுக்கொட்டுவீர்கள். அவள் செய்தது சரியா தவறா என்பதை ஒரு காசோலையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விடமாட்டேன்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருங்கள். நீள மேசை, தண்ணீர்க் குவளை, முன்னால் நாற்பது விண்ணப்பம். ஒன்றுக்குத்தான் நிதி. முப்பத்தொன்பதில் குருடர் பார்க்கிறார், ஊமை பாடுகிறார், விழுந்தவர் ஓடுகிறார். ஒன்றில் மட்டும் ஒரு புண் ஆறுகிறது, அதுவும் ஏழு தடவை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. தலைவர் கேட்கிறார்: யாருக்குக் கொடுக்கலாம்?

நான் அங்கே இருந்திருந்தால் எதற்குக் கை தூக்கியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த முடிவை உங்களிடம் விட்டிருக்கிறேன்.