குளிப்பாட்ட வந்தவர்கள்

தண்ணீர்க் குடத்தைக் கணவனின் தலைமாட்டில் இறக்கிவைத்துவிட்டு மயிலாள் நிமிர்ந்தாள். பிணத்தைப் பிடித்து உட்காரவைத்துக் குளிப்பாட்ட ஆள் வேண்டும். வாசல் நிறையச் சொந்தபந்தம் நின்றது, ஒருத்தரும் படியேறவில்லை. அத்தனை பேர் மூக்கிலும் பனியன் கம்பெனி வேஸ்ட் துணிக் கட்டு.

குமாரவேல் கோழிப் பண்ணையில் தீவன மூட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன். மாரடைப்பு என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் வடக்கே எங்கோ கோழிகளுக்குக் காய்ச்சல் என்று டிவியில் காட்டிய நாளிலிருந்து அருள்புரத்தில் ஆளுக்கு ஆள் டாக்டர்.

"அண்ணா, நீயாச்சும் வாண்ணா. கோடி நீதான போடோணும்?"

அவளோடு கூடப்பிறந்த லிங்கசாமி, பிணத்துக்குப் போர்த்தக் கொண்டுவந்த கோடி வேட்டியைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தான். "நான் புள்ளகுட்டிக்காரன் கண்ணு. நீயே எடுத்துப் போட்டுரு."

மச்சான் மச்சான் என்று குமாரவேலின் தோளில் கைபோட்டுக்கொண்டு, போன கோயில் நோம்பிக்கு இதே வீட்டில் கறிச்சோறு தின்றவன்.

சுகாதார நர்ஸ் சாரதாமணி சொல்லித்தான் பார்த்தாள். "ஏனுங்க, நம்ம பக்கம் எந்தக் கோழிக்கும் அந்த நோவு இல்லீங்க. சீக்குக் கோழிய வெறுங்கையில தொடாதீங்க, சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, கறிய நல்லா வேக வெச்சுத் தின்னுங்க. அவ்வளவுதானுங்க. இவரு நெஞ்சுவலியில போனவருங்க."

கூட்டம் தலையாட்டியது, ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தது.

பக்கத்து வீட்டில் குடியிருக்கும் தூத்துக்குடிக்காரன் அந்தோணிராஜ், நைட் ஷிப்ட் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவன், லுங்கியை மடித்துக் கட்டினான். "யக்கா, நீங்க தண்ணிய ஊத்துங்க. அண்ணாச்சிய நான் பிடிச்சுக்கிடுதேன்."

ஆம்பிளைச் சொந்தம் செய்ய வேண்டியதை அவர்கள் இருவரும் செய்தார்கள். மயிலாள் வெறுங்கையால் கணவனின் முகம் துடைத்து, காதில் ஒட்டியிருந்த தவிட்டைக் கழுவி, கோடியைப் போர்த்தினாள். நல்லபடியாக அனுப்பிவிடலாம் என்று அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. தொடப் பயந்த ஒவ்வொரு முகத்தையும் சாகிறவரைக்கும் மறக்கக்கூடாது என்று வாசலைப் பார்த்தாள்.

ஆள்விட்டுக் கூட்டிவரச் சொன்ன மகள் அன்புசெல்வி, பள்ளிக்கூடச் சீருடையோடு ஓடிவந்தாள்.

"அப்பா!"

கூட்டத்தைப் பிளந்து வந்தவள், அப்பன் முகத்தோடு முகம் வைக்கக் குனிந்தாள்.

மயிலாளின் கை வெடுக்கென்று நீண்டு மகளின் சடையைப் பற்றிப் பின்னால் இழுத்தது.

அன்புசெல்வி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தோணிராஜ் பார்த்தான். வாசலில் நின்ற லிங்கசாமியும் பார்த்தான். மயிலாளின் விரல்கள் இன்னும் சடையை விடவில்லை.