டீச்சர் உட்கார்ந்தார், நிழல் நடத்தியது

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, வேலை வழிகாட்டி டீச்சர் தண்ணீர் குடிக்க நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் விழுந்திருந்த அவருடைய நிழல் உட்காராமல் பன்னிரண்டாவது ஸ்லைடை நடத்திக்கொண்டிருந்தது. குரல் அவருடையதேதான், நடுவில் வரும் செருமல் உட்பட. எந்திரம் வந்து வேலை போனவர்கள் அடுத்த வேலைக்குப் படிக்கும் பயிற்சி நிலையம் அது. டீச்சர் அங்கே பதினோரு வருஷமாக அதே நாற்பது ஸ்லைடுகளை, ஏழாவதில் அதே ஜோக்குடன், நடத்தி வந்தார். மேடையில் பேசும்போது புரொஜெக்டர் வெளிச்சத்தை மறைத்து நிற்காதீர்கள் என்பது அவருடைய முதல் பாடம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் வெளிச்சத்தின் நட்டநடுவில்தான் நின்றார். அப்புறம் நிழல் படிக்காமல் என்ன செய்யும்? பதினோரு வருஷம் கேட்டால் நாற்காலிகூட நடத்தும் என்றார் வாசல் காவலாளி.

நிலைய முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. லீவு கேட்காத, டீ கேட்காத ஆசிரியர் யாருக்குக் கிடைக்கும்! ஒரு மாதம் நிழல் பாடம் நடத்தட்டும், வகுப்பு ஒழுங்காக ஓடினால் டீச்சர் பதவியை எடுத்துவிடலாம் என்று அன்றே கடிதம் அடித்துவிட்டார். டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதினார். வீட்டில் லிப்ட் மெக்கானிக்கான கணவர் விளக்கடியில் மனைவியின் காலைச் சுற்றிப் பார்த்தார். தரையில் ஒன்றும் விழவில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கிறியே, வேலை போனா என்ன பண்ணணும்னு. இப்ப நீ என்ன பண்ணப்போற?" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. டீச்சர் நாற்பது ஸ்லைடையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பதில் எதிலும் இல்லை. அடக்கமாட்டாமல் அழுதார்.

மாதத்தின் கடைசி நாள் முதல்வரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சும்மா சொல்லக்கூடாது, நிழல் பிரமாதமாக நடத்தியது. நாற்பதாவது ஸ்லைடில் கேள்விகள் உண்டா என்று கேட்டு, டீச்சர் வழக்கமாக விடும் அதே மூன்று விநாடி விட்டு, நன்றி சொன்னது. அந்த மூன்று விநாடிக்குள் பதினோரு வருஷத்தில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. அன்று சுங்கச்சாவடியிலிருந்து வந்த பெண்மணி எழுந்துவிட்டார். பதினான்கு வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்து ரசீது கொடுத்தவர். இப்போது அங்கே ஒரு கேமரா இருக்கிறது. ரசீது கிழிக்கிறதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாதே, நான் எங்கே போவது என்று கேட்டார். நிழல் வணக்கம் சொல்லி முதல் ஸ்லைடுக்குத் திரும்பியது.

அவ்வளவுதான், கடைசி பெஞ்சு அதிர்ந்தது. டீச்சர் பதிவேட்டைப் போட்டுவிட்டு எழுந்தார். சாவடியில் சண்டை வருமா என்று கேட்டார். வராமல் இருக்குமா, வண்டி அரை மைலுக்கு நின்றால் கதவைத் திறந்துகொண்டு அடிக்கவே வருவார்கள் என்றார் அந்தப் பெண்மணி. அப்போது என்ன செய்வீர்கள் என்று டீச்சர் விடாமல் பிடித்தார்.

"முதல்ல தண்ணி குடுப்பேன். எங்க போறீங்கன்னு கேப்பேன். வீட்டுக்கதை சொல்ல ஆரம்பிச்சா ஆள் அடங்கிருவாங்க."

"கேமரா அதைச் செய்யுதா?"

"அது படம்தான் பிடிக்குது."

"அப்ப இதைத்தான் நாளைக்கு இண்டர்வியூல நீங்க சொல்றீங்க. முன்னாடி வாங்க, இப்பவே சொல்லிப் பாருங்க."

அந்தப் பெண்மணி ஸ்லைடு இல்லாமல், கையில் சீட்டு இல்லாமல், வகுப்பு நடுவில் நின்று பேசினார். முதலில் நாக்கு ஒட்டிக்கொண்டது, பிறகு மடை திறந்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரைக்கு முதுகு காட்டித் திரும்பின. கையைத் தூக்காதவர் பாக்கியில்லை! டீச்சர் பெஞ்சு பெஞ்சாக ஓடினார், பாதிக் கேள்விகளுக்கு மேல் எனக்குத் தெரியாது, சேர்ந்து யோசிப்போம் என்றே பதில் சொன்னார், அதற்கும் கைதட்டினார்கள். கடைசியில் முதல்வரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, அட்டவணை போடும் தன் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டதே, தனக்கு என்ன வழி என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

ஒரு பதவிக்கு இரண்டு பேர் ஆகாது என்பதால் நிழலுக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. காலை பஸ்ஸில், ஜன்னல் பக்கம் சாய்ந்தபடி, அது போய்ச் சேர்ந்தது. அங்கே நல்ல பெயர் என்று கேள்வி. இங்கே டீச்சர் நடுப்பகலில் வாசலைக் கடக்கும்போது தரையில் எதுவும் விழுவதில்லை. அதை யாரும் கவனிப்பதில்லை. வழியில் நிறுத்தி அவரிடம் கேள்வி கேட்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.