வாசலில் ஒரு சாய்தளம்

இறந்துபோனவளின் மணிக்கட்டை மெத்தையில் மெல்ல வைத்துவிட்டு, டாக்டர் சான்றிதழில் கையெழுத்திட்டார். அவள் கணவன் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கட்டட வரைபடம் போடுவது அவன் தொழில்; அவளுக்கும் அதுதான். படுக்கையறைக்கு அடுத்த அறையே அவர்களுடைய அலுவலகம்.

டாக்டர் உடனே கிளம்பவில்லை. பையை மூடினார், மறுபடி திறந்தார். கேட்கக் கூடாத நேரம்தான் என்று இழுத்தார். அவருடைய புதிய கிளினிக்கின் வரைபடம் இன்று மாலைக்குள் அனுமதிக்குப் போயாக வேண்டும். அதில் இவனுடைய கையெழுத்து வேண்டும்.

அவளுடைய அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாப்பிள்ளை இருக்குற நெலமையில இப்பப் போயி கம்ப்யூட்டரா?" என்றார்.

"வாங்க டாக்டர்" என்று அவன் எழுந்துவிட்டான். யாருக்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவன். 'தலையாட்டி' என்றுதான் அவள் கூப்பிடுவாள், கொஞ்சும்போதும்கூட.

கோப்பைத் திறந்தான். கிளினிக்கின் வாசலில் நான்கு படிகள், பக்கத்தில் இரண்டு கார்களுக்கான கோடுகள். அந்த இடத்தில் அவள் வரைந்திருந்த சாய்தளத்தைக் காணோம். டாக்டருடைய இன்ஜினியர் அழித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்.

பழைய கிளினிக்கிலும் படிகள்தான். சக்கர நாற்காலியிலிருந்து அவளை இரண்டு ஆட்கள் தூக்கிப் போவார்கள். ஒருத்தன் கை அக்குளில், இன்னொருத்தன் கை தொடையில். முதல் தடவை சிரித்தாள். "பீரோவைக்கூட இதைவிடப் பதமாத் தூக்குவாங்க." பிறகு ஒரு நாள், இனி வரமாட்டேன் என்றாள். நேரில் பார்க்காமல் மாத்திரையை மாற்ற முடியாது என்றார் டாக்டர். அவன் கெஞ்சிப் பார்த்தான். "கண்டவன் கை படறதுக்கு நான் வீட்டுலயே கெடக்கேன்" என்றாள். கிடந்தாள். கிடந்தபடியே அந்தச் சாய்தளத்தை வரைந்தாள்.

ஃபைல் கனமாக இருக்கிறதென்று இன்ஜினியர் சொன்னாராம், வேண்டாததையெல்லாம் கழித்துக் கொடுங்கள் என்றார் டாக்டர்.

அது அன்றாட வேலை. ஒரு கதவையோ கட்டிலையோ வரைந்து பெயர் கொடுத்துவிட்டால், படத்திலிருந்து அழித்த பிறகும் அதன் வரையறை கோப்புக்குள் உட்கார்ந்திருக்கும். பயன்படாதவற்றை நீக்கு என்றால் கணினி மொத்தமாகத் துடைத்துவிடும். படத்தில் ஓர் இடத்திலாவது இருப்பதை மட்டும் தொடாது.

நீக்க வேண்டியவை திரையில் விரிந்தன. பழைய ஜன்னல்கள், யாரோ போட்ட மரங்கள், ஒரு மேசை. அவற்றோடு, அவள் வைத்த பெயரிலேயே, சாய்தளம்.

விரல் பொத்தானின் மேல் நின்றது.

சாய்தளத்தை எடுத்துப் பழையபடி வாசலில் கொண்டுவந்து வைத்தான். கார்க் கோடுகளை அழித்தான். அதற்குப் பிறகுதான் நீக்கினான். ஜன்னலும் மரமும் போயின. அது நின்றது.

டாக்டர் திரையருகே குனிந்தார். "ரேம்ப் வேண்டாம்னு சொல்லியாச்சே. ரெண்டு கார் நிக்கிற எடம் அது."

"ரோட்டுல நிக்கட்டும்."

"நீங்க மனசு சரியில்லாம இருக்கீங்க. மொதல்ல அதை எடுங்க."

"எடுக்க மாட்டேன் டாக்டர்." படுக்கையறையில் பேச்சுச் சத்தம் நின்றது. "அது இருந்தா என் கையெழுத்து இருக்கும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க. படத்துல வெச்சுட்டுக் கட்டாம விட்டீங்கன்னா, அனுமதி குடுத்த ஆபீசுக்கு நானே போயி புகார் எழுதிக் குடுப்பேன்."

மச்சான் கதவருகே வந்து நின்றார். திரையையும் மாப்பிள்ளையின் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, போடுங்க."

தாள் சூடாக வெளியே வந்தது. கையெழுத்திட்டுச் சுருட்டிக் கொடுத்தான். வாசல்வரை கூடவே போனான். தெருவுக்கு இறங்க மூன்று படிகள். அவற்றை ஒட்டி, அவள் நாற்காலிக்காக அவன் சரிவாகப் போட்ட பலகை. டாக்டர் முதல் படியில் ஒரு காலை வைத்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டார், பலகைப் பக்கம் பார்த்தார்.

துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புகள் அதன்மேல் கிடந்தன. அவன் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தான்.