ஆட்டிப் பார்த்த பெட்டி

கண்ணாடிச் சாமான் செய்யும் தொழிற்சாலையில், பார்சல் பிரிவில், பதினெட்டு வருடமாக இருக்கிறார் அவர். அங்கே அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் ‘ஆட்டிப்பாரு’. எந்தப் பெட்டியை ஒட்டி முடித்தாலும் இரண்டு கையாலும் தூக்கி, காதோரம் வைத்து, ஒரு ஆட்டு ஆட்டுவார். உள்ளே லேசாக ‘டொக்’ என்று கேட்டால் போதும், டேப்பைக் கிழித்து முதலிலிருந்து கட்டுவார். சத்தம் வந்தால் உள்ளே இடம் இருக்கிறது, இடம் இருந்தால் உடையும். இதுதான் அவருடைய வேதம். தன் பெட்டியிலிருந்து ஒரு தம்ளர்கூட உடைந்து திரும்பி வந்ததில்லை என்று கேட்டவர்களிடம் சொல்வார். கேட்காதவர்களிடம் இரண்டு தடவை சொல்வார்.

இப்படிப்பட்டவருடைய மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். மூன்றாவது மாடியிலிருந்து கீழே போட்டாலும் முட்டை உடையாமல் காக்கும் ஒரு கருவியைச் செய்து வர வேண்டும். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. ஏழாம் வகுப்பு முழுக்கப் போட்டி. அறிவிப்புத் தாளைப் படித்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஒரு நாளுக்காகத்தான் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தோம் என்றே தோன்றிவிட்டது.

மகள் கூப்பிடுவாள், கூப்பிடுவாள் என்று இரண்டு நாள் காத்திருந்தார். மேற்பார்வையாளரிடம் கேட்டு நல்ல கெட்டி அட்டையாக நாலு வாங்கிவந்து, அவள் கண்ணில் படட்டும் என்று செருப்பு அலமாரிமேல் வைத்தார். மூன்றாம் நாள் அவள் அந்த அட்டைமேலேயே புத்தகப் பையை வீசிவிட்டு, அம்மாவின் போனை எடுத்துத் தாய்மாமனுக்கு அடித்தாள்.

“மாமா, ஞாயித்துக்கிழமை வர்றீங்களா? ஒரு முட்டையக் காப்பாத்தணும்.”

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. “ஏம்மா, இதுக்கு எதுக்கு மாமா? பொழுது விடிஞ்சா அப்பா இதைத்தானே பண்றேன்?”

“இல்லப்பா. நீங்க பார்சல் கட்டுவீங்க. இது சயின்ஸ்.”

குழந்தை விகல்பமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது.

மச்சினன் லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். மனைவியின் ஒரே தம்பி. வாய் திறந்தால் வீடே சிரிக்கும், அப்படி ஒரு ஆள். கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு, சட்டைப்பை நிறைய ரப்பர் பேண்டோடு வந்து இறங்கினான்.

“அத்தான், முட்டை எங்க? உங்க வீட்டு முட்டைக்கு எவ்வளவு தைரியம்னு இன்னைக்குப் பாத்துடுவோம்!”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி என்ன பெரிய ஹாஸ்யம் என்று அவருக்கு விளங்கவில்லை. தான் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் “போங்கப்பா” என்று போயிருப்பாள் என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். ஒரு கண் பேப்பரில், ஒரு கண் தரையில். அக்காவின் பழைய நைலான் காலுறை ஒன்றை வாங்கி, அதன் நடுவில் முட்டையை நுழைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டால் முடிந்தான் மச்சினன். காலுறையின் இரு முனைகளையும் பெட்டியின் எதிரெதிர் மூலைகளில் கோத்துக் கட்டினான். முட்டை பெட்டிக்கு நடுவே அந்தரத்தில் தொங்கியது. சுற்றிலும் வெறும் காற்று.

“இவ்வளவுதானா மாமா?” என்றாள் மகள்.

“இவ்வளவுதான். பெட்டி கீழ விழுந்து டக்குனு நிக்கும். முட்டை உடனே நிக்கக் கூடாது. ஆடி ஆடி, மெதுவா நிக்கணும். அதுக்கு இடம் வேணும்.”

இடம் வேண்டுமாம்! அவருக்குக் காதில் புகை வந்தது. பதினெட்டு வருட வேதத்தை ஒரு காலுறையில் முடிந்து தொங்கவிட்டுவிட்டான் பாவி. வீடு விற்பனை விளம்பரங்களை மும்முரமாகப் படித்தார்.

“என்ன, வீடு வாங்கப் போறீங்களா? அரை மணி நேரமா அதே பக்கம்?” என்றாள் மனைவி. அவளுக்கு எல்லாம் தெரியும்.

மொட்டை மாடியிலிருந்து போட்டுப் பார்த்தார்கள். உடையவில்லை. மகள் மாமனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். “குருட்டாம்போக்குல தப்பிச்சிருக்கு” என்றார் அவர். யாரும் காதில் வாங்கவில்லை. தன் கழுத்தை அவள் கடைசியாக எப்போது அப்படிக் கட்டிக்கொண்டாள் என்று யோசித்துப் பார்த்தார். நினைவு வரவில்லை. மச்சினன் சாப்பிட்ட பிறகும் கிளம்புவதாக இல்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டு, வாசலில் ஷூ மாட்டக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை.

போட்டி நாள் காலை. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். முட்டை வைத்து ஒட்டிய பெட்டி சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. அவர் பாட்டுக்குக் காபி குடித்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. தூக்கினார், காதோரம் வைத்தார், ஆட்டினார்.

டொக். டொக்.

அவருக்கு உடம்பே கூசியது. இதை எப்படி ஒரு மனிதன் அனுப்புவான்? குழந்தை தோற்றுப்போனால் அந்த லிஃப்ட்காரனா வந்து கண்ணைத் துடைப்பான்? அவள் நன்மைக்குத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது முழு உண்மை இல்லை என்பது அவருக்கே தெரியும். முட்டை தப்பித்தால் அது தன் முட்டையாக இருக்க வேண்டும். ஊருக்குத் தெரியாவிட்டாலும் தனக்குத் தெரிந்தால் போதும். டேப்பைப் பிரித்தார். பழைய பேப்பரைக் கசக்கி, காலுறையைச் சுற்றி நாலு பக்கமும் திணித்தார். விரலால் அமுக்கி அமுக்கி இன்னும் திணித்தார். ஒட்டினார், ஆட்டினார். கல் மாதிரி நின்றது. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் காபி ருசித்தது.

“கனமா இருக்கே?” என்றாள் மகள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

“முட்டை பெருசும்மா” என்றார்.

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு அவரும் பள்ளிக்குப் போனார். மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். மூன்றாவது மாடியிலிருந்து மகள் அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் பெட்டியை விட்டாள். தரையில் அது விழுந்த சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியின் மூலையிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு வழிந்தது.

மகள் ஓடிவந்தாள். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. அவர் கையில் திணித்துவிட்டு, “நான் பாக்க மாட்டேன்” என்று முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் அவர் போனை வாங்கி மாமனுக்கு அடித்தாள். அவன் குரல் வெளியே கேட்டது.

“உடைஞ்சிடுச்சா? ஐயோ... என் தப்புதான்டா கண்ணு. ரப்பர் பேண்டை ரொம்ப இறுக்கிட்டேன் போல. மாமாவ மன்னிச்சுடு.”

அவள் போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். “மாமா கட்டினது சரியில்லப்பா. சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு வாய்ப்பு இருக்கு. நீங்க கட்டுங்க. உங்க மாதிரி, சத்தமே வராம.”

சொல்லிவிட்டு இரண்டாவது முட்டையை எடுத்துவர வகுப்புக்கு ஓடினாள்.

இந்த வார்த்தைக்காகத்தானே ஒரு வாரமாக ஏங்கினார்! உள்ளே ஒரு நொடி ஜில்லென்று கூட இருந்தது. மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். அவர் திணித்த பேப்பர், அவர் அமுக்கிய இடத்தில், கட்டையாக இறுகி முட்டைக்குள்ளேயே போயிருந்தது. பக்கத்திலேயே குப்பைத்தொட்டி. பேப்பரை அதில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. காலுறையை மறுபடி தொங்கவிட்டு, ‘மாமா கட்டினதை அப்பா சரிபண்ணிட்டேன்’ என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? ஈரப் பேப்பரைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான், மன்னிச்சுடு என்று அவன் கேட்ட குரல் மறுபடி காதில் விழுந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

மகள் முட்டையோடு வந்து நின்றாள். அவர் பேப்பரை அவளிடம் காட்டினார்.

“மாமா மேல தப்பில்லம்மா. காலைல நான்தான் பிரிச்சு இதையெல்லாம் வெச்சேன்.”

அவள் பேப்பரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “ஆட்டிப் பாத்தீங்களா?”

“பாத்தேன். சத்தம் வந்துச்சு.”

“வரத்தாம்ப்பா செய்யும்! தொங்குதுல்ல!”

அதற்குமேல் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. காலுறையைக் குழாயடியில் அலசிப் பிழிந்துகொண்டு வந்தாள். “இப்ப நான் சொல்ற மாதிரி கட்டுங்க” என்றாள். அவர் கட்டினார். முடிச்சுப் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. ஒட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில் பெட்டி அவர் காதருகே போனது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“கூடாது.”

இரண்டாவது முறை பெட்டி விழுந்து, ஒரு குதி குதித்து, கவிழ்ந்து கிடந்தது. ஆசிரியை திறந்து முட்டையைத் தூக்கிக் காட்டினார். கீறல்கூட இல்லை. மகள் படியில் தடதடவென்று இறங்கி, ஆசிரியையிடம் முட்டையை வாங்கிக்கொண்டு அவரை நோக்கி ஓடிவந்தாள். அவர் கையை விரித்தார். அவள் அந்தக் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

“மாமா! உடையல மாமா! முதல் தடவைகூட உங்க தப்பில்ல. இருங்க, அப்பா சொல்லுவாங்க.”

போனை அவரிடம் நீட்டினாள். வேறு வழியில்லை.

“பெட்டியைப் பிரிச்சு நான்தான் பேப்பர் திணிச்சேன்” என்றார்.

“எதுக்கு அத்தான்?”

மகள் பக்கத்திலேயே நின்றாள். பொய் ஒன்றும் சட்டென்று கிடைக்கவில்லை.

“வயித்தெரிச்சல். வேற என்ன? எல்லாத்துக்கும் உன்னைத்தானே கூப்பிடுறா.”

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

“எனக்கு ஒவ்வொரு தடவை வந்துட்டுப் போறப்பவும் அதே வயித்தெரிச்சல்தான் அத்தான். ஷூவை மாட்டிக்கிட்டு நான் கிளம்பிடுறேன். அவ உங்க வீட்லதானே இருக்கா.”

மகள் முட்டையை இரண்டு கையிலும் பொத்திக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த ஞாயித்துக்கிழமையும் வா” என்றார். சொல்லும்போதே வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது.