கம்பளிக்குள் டயர்

இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப்பகுதியில், நவம்பர் குளிரில் மார்ஜரியின் மின்சாரக் கம்பளி காணாமல் போனது. தேடிப் போனால், அவள் கணவன் ஹெட்லி கொட்டகையில் அதைப் பைக்கின் டயரில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

“பந்தய டயர் மார்ஜ்! சூடா இருந்தாத்தான் ரோட்டப் பிடிக்கும்.”

“மழைக்குன்னே ஆழமா வெட்டு வெட்டா டயர் விக்கிறானே, அத மாட்டித் தொலையேன்!”

“அதப் போட்டுட்டு மலைமேல டீக்கடைக்குப் போனா, பசங்க கெழவன் டயருன்னு சிரிப்பானுங்க.”

“அறுபத்தெட்டு வயசுல நீ வேற யாராம்?”

ஞாயிறுதோறும் அந்தக் கடை வாசலில் குனிந்து, ஒருவர் டயரை ஒருவர் கேலி செய்வது அங்கே கூடும் பைக்காரர்களின் வழக்கம். தலையில் அடித்துக்கொண்டு மார்ஜரி பின்னால் ஏறினாள்.

இரண்டு மைல் மழையிலேயே டயர் ஐஸ்கட்டியாகிவிட்டது. ரவுண்டானாவில் பைக் சோப்புக்கட்டியாய் வழுக்கி, இருவரையும் முள்வேலிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. மாவட்டத்து ஆடுகள் அத்தனையும் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தன.

“அடி பட்டுச்சா, மார்ஜ்?”

“பட்டிருந்தா பேசாம கிடப்பேன். உனக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் ஏது? இனிமே இந்த டயர்ல உன் பின்னாடி ஆடுதான் உட்காரும்!”

ஆமை வேகத்தில் உருட்டிக்கொண்டு கடைக்குப் போனார்கள். வாசலில் ஒரு பைக்கும் இல்லை. கேலி செய்யவேண்டிய பசங்க அத்தனை பேரும் மழைக்குப் பயந்து காரில் வந்து, உள்ளே சுடச்சுட டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ஜரி அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

“திங்கக்கிழமை டயர்க்கடை தொறந்ததும் கெழவன் டயர மாட்டிடறேன்,” என்றான் ஹெட்லி, தாடியிலிருந்து முள்ளைப் பிடுங்கியபடி.

“கம்பளி இன்னைக்கே வேணும்,” என்றாள் அவள்.